முயலுக்கு நான் போட்ட பட்டினி

நிமிர்ந்த முதுகெலும்பால் இந்த அவையையே நிமிர்த்தி வைத்திருக்கும் தலைவர், நம் கால்நடை மருத்துவ உதவியாளர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் அம்மா அவர்களே. எலும்புத் துண்டொன்றைக் கையில் கொடுத்தால் இது ஆட்டின் முன்னங்கால், அதுவும் இடது கால் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடும் உடற்கூறியல் ஆசிரியர் அவர்களே. நான் என்னத்தை உளறிக் கொட்டப் போகிறேனோ என்று பக்கத்து நாற்காலியில் வேர்த்துக்கொண்டிருக்கும் எங்கள் மருத்துவமனை டாக்டர் அவர்களே. பெற்ற பிள்ளை ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழாமல் இருக்க வேண்டுமே என்ற வேண்டுதலோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே. மடியில் ஒன்றும் கையில் ஒன்றுமாய் வந்திருக்கும் தாய்மார்களே. மூன்றாம் வரிசையின் ஓரத்தில், தாமே தைத்த பச்சை ரவிக்கையில், 'என்னைப் பத்திச் சொல்லு, ஆனா ஏத்திச் சொல்லாதே' என்று வாசலிலேயே எனக்கு உத்தரவு போட்டுவிட்டு அமர்ந்திருக்கும் தையல்கார அக்கா அவர்களே. வெள்ளைக் கோட்டின் மடிப்பு இன்னும் கலையாத முதலாண்டுச் செல்வங்களே, மடிப்பும் கலைந்து கறையும் படிந்த இரண்டாம் ஆண்டுச் செல்வங்களே, உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்கித் தொடங்குகிறேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறதே, அது எதிர்க்கட்சி அல்ல. என் மகள். ஒன்றரை வயது. அவளை வைத்துக்கொண்டிருப்பவர் என் கணவர். எனக்குக் கைதட்டத்தான் வந்தார். இரண்டு கையும் இப்போது வேலையில் இருக்கிறது.

உடற்கூறியலும் உடலியலும் என்ற தலைப்பைக் கொடுத்து என்னை அழைத்தார்கள். இதயம் எத்தனை அறை, மாட்டு வயிறு எத்தனை பகுதி என்று சொல்லித்தர என்னைவிடக் கற்றவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் வந்திருப்பது வேறு ஒன்றைச் சொல்ல. நான் செய்த தவறைச் சொல்ல. ஒரு முயலின் கதை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் இங்கே இருப்பீர்கள். நானே அந்த இனம்தான். முடிவு தெரியாமல் எந்தக் கதையையும் என்னால் கேட்க முடியாது. அதனால் முடிவை முதலிலேயே போட்டு உடைக்கிறேன்: முயல் நலம். இன்று காலையில்கூட அக்கா கடையில் யாரோ ஒருவருடைய அளவுச் சட்டையின் காலரைத் தின்றுவிட்டதாம். ஆகவே நிம்மதியாகக் கேளுங்கள். நானும் நிம்மதியாகச் சொல்கிறேன். இந்த நிம்மதிக்கு நான் பட்ட பாடுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கேள்வி. முயல் வாந்தி எடுக்குமா?

'எடுக்காது' என்கிறது இரண்டாம் ஆண்டு. சபாஷ். ஏன் எடுக்காது? உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் இறுக்கமான தசை வளையம் இருக்கிறது. உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. அறுவைக்கு முன்னால் நாயையும் பூனையையும் ஏன் பட்டினி போடுகிறோம்? மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலில் இறங்கும், நுரையீரலில் நிறையும், உயிரை வாங்கும். வாந்தியே எடுக்காத முயலுக்குப் பட்டினி எதற்கு? தேவையில்லை. தேவையில்லாதது மட்டுமா? ஆபத்து. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். காலையும் புல், மாலையும் புல், இடைவேளையும் புல். சீக்கம் என்று உங்கள் புத்தகம் சொல்லும் அந்தப் பெரிய பை, வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, கோடிக்கணக்கான நுண்ணுயிர்களை வைத்துப் புல்லைப் புளிக்கவைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே வருவது நின்றால் ஓட்டம் நிற்கும். ஓட்டம் நின்றால் காற்றுச் சேரும். காற்றுச் சேர்ந்தால் வலிக்கும். வலித்தால் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் ஓட்டம் இன்னும் நிற்கும். சுழலில் கால் வைத்தவரைப் போல முயல் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

இதை நான் தேர்வில் எழுதினேன். இரண்டு மதிப்பெண் கேள்வி, இரண்டுக்கு இரண்டு வாங்கினேன். உடற்கூறியல் ஆசிரியர் அவர்களே, விடைத்தாளில் 'நன்று' என்று தாங்கள் சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். அந்த நன்றை நான் நன்றாகவே காப்பாற்றினேன். எப்படி என்று சொல்கிறேன்.

சென்ற ஆண்டு. மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம். என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். நான் மருத்துவமனையில், என் மனசு வீட்டில், என் கண் கடிகாரத்தில். எங்கள் பதிவு மேசையில் ஓர் அண்ணன் இருக்கிறார். நான் ஒரு ஊசிமருந்துப் புட்டியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, பிள்ளை பெத்தவங்களுக்குப் பாதி மூளை பால்ல போயிடும்னு சொல்றாங்களே, நெஜமா?" என்றார்.

"பால்ல போறது கால்சியம்ண்ணே. மூளை போகாது. மாடு கன்னு போட்டா என்ன குறையுதுன்னு ரெண்டாம் வருஷப் பாடத்துலயே இருக்கு" என்றேன்.

"அப்ப அந்தப் புட்டி?"

"அது உங்க மேசை மேலதான் இருக்கு."

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே தைத்த முள்ளாக நின்றுவிட்டது. ஒரு தவறு செய்தால் போதும், ஊரே அதைத்தான் சொல்லும், 'பிள்ளைக்காரி, கவனம் இருக்காது' என்று. தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் இந்த முள்ளோடு வேலைக்குப் போனீர்கள்? தலையாட்டுகிறீர்கள். தெரியும்.

எங்கள் மருத்துவமனையில் ஒரு வழக்கம். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு, மறுநாள் அறுவைக்கு வரப்போகும் எல்லா வீட்டுக்கும் உதவியாளர் போன் போட வேண்டும். பட்டியல் இருக்கும், வாக்கியம் ஒன்றுதான்: 'நாளைக்கு மயக்க மருந்து குடுக்கப்போறோம், அதனால இனிமே சாப்பாடு குடுக்காதீங்க, தண்ணி மட்டும் வைங்க.' பத்து வீட்டுக்குப் பத்து முறை. ஐந்தாவது வீட்டுக்கு வரும்போது வாய் தானாகவே பேசும். மனசு தேவையில்லை.

அன்று எட்டாவது போன் தையல்கார அக்காவுக்கு. அக்கா வளர்க்கும் முயலின் பெயர் மேனேஜர். கடையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டே இருக்குமாம், ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாதாம், அதனால் மேனேஜர். கடைவாய்ப் பல் வளர்ந்து கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? தேய்மானம் சரியாக இல்லையென்றால் இப்படித்தான் முள்ளாகும். அதைச் சீர்செய்ய மறுநாள் மயக்க மருந்து.

மேனேஜர் முயல் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு நாள் முன்னால்தான் அதன் பின்னங்கால்களை உள்ளங்கையில் தாங்கித் தூக்கியவள் நான். முயலைப் பின்பக்கம் தாங்காமல் தூக்கினால் அது உதைக்கிற உதையில் அதன் முதுகெலும்பே முறியும் என்று அக்காவுக்குப் பாடம் எடுத்தவளும் நான். தெரியும். எல்லாம் தெரியும். அப்படித் தெரிந்தவள், போனில், அதே வாக்கியத்தைச் சொன்னேன்.

அக்கா சும்மா இருக்கவில்லை. "காஞ்ச புல்லும் கூடாதாம்மா?" என்று கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து என் கைப்பேசியில் வீட்டிலிருந்து அழைப்பு. பாப்பா புட்டிப்பால் குடிக்க மாட்டேன் என்கிறாள். "எதுவுமே கூடாதுக்கா, தண்ணி மட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வாய் சொன்னது, மனசு கேட்கவில்லை. காது கேட்டது, அறிவு வரவில்லை. இரண்டுக்கு இரண்டு வாங்கிய விடை எங்கே போனது? விடைத்தாளிலேயே இருந்துவிட்டது. என்னோடு வேலைக்கு வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா வந்தார்கள். கையில் கூடை, கூடைக்குள் பழைய திரைச்சீலைத் துணி, துணிக்குள் மேனேஜர். கூன் போட்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டு. காதைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. வெப்பமானி முப்பத்தேழு டிகிரி செல்சியஸுக்கும் கீழே காட்டியது. முயலுக்கு முப்பத்தெட்டரைக்குக் குறையக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்தேன். நல்ல முயலின் வயிறு ஒரு சிறு சமையலறை. கொதிக்கும், குமிழியிடும், உருளும். அங்கே ஒன்றும் இல்லை. பூட்டிய வீட்டின் வாசலில் காது வைத்தது போல் இருந்தது.

அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது. முந்தின நாள் மூன்று மணியும் என் வாக்கியமும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பல்வலியால் ஏற்கெனவே அரைவயிறாக இருந்த உயிர். அதற்கு மேல் பத்தொன்பது மணி நேரம் நான் போட்ட பட்டினி.

டாக்டர் வந்தார். "கடைசியா எப்ப புழுக்கை போட்டான்?" என்று கேட்டார்.

"நேத்து சாயங்காலத்துலருந்தே காணோம் சார்" என்றார்கள் அக்கா.

"கடையில நூல், துணி எதாவது தின்னிருப்பானா?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "தையல் கடை சார். நூல் இல்லாத இடமே இல்ல. முந்தாநாள் ஒரு நூல் பாபினைக் கடிச்சிட்டிருந்தான், புடுங்கி வெச்சேன். அப்பவே முழுங்கிட்டானோ?"

எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிறு நிறையக் காற்று தெரிந்தது. நூல் இருந்தாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. "அடைப்பா இருக்கலாம். நூல்னா ரொம்ப மோசம், குடலையே அறுத்துடும். திறந்துதான் பாக்கணும்" என்றார் டாக்டர். "தாங்குமா சார்?" என்று கேட்டார்கள் அக்கா. டாக்டர் பொய் சொல்லமாட்டார். "பாதிக்குப் பாதின்னுகூடச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

மாணவச் செல்வங்களே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். பட்டினி போட்டதை அக்கா ஏன் சொல்லவில்லை? அது மருத்துவமனை போட்ட உத்தரவு, டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தார்கள். டாக்டர் ஏன் கேட்கவில்லை? தன்னிடம் வேலை செய்யும் எவரும் முயலைப் பட்டினி போடச் சொல்லமாட்டார்கள் என்று நம்பினார். ஒரு நினைப்புக்கும் ஒரு நம்பிக்கைக்கும் நடுவில் ஒருத்தி நின்றாள். உண்மை தெரிந்த ஒரே ஆள். அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆம், திறக்கவில்லை. இதைச் சொல்ல இந்த மேடையில் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பதினொன்றரைக்கு அறுவை என்றார்கள். நான் மேசையைத் துடைத்தேன், கருவிகளை அடுக்கினேன், மயிர் மழிக்கும் இயந்திரத்துக்குப் பிளேடு மாற்றினேன். சொன்னால் வேலை போகுமோ? 'பிள்ளைக்காரி' என்ற பேர் வருமோ? அடைப்பாகவே இருந்துவிட்டால், வீணாக எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும்? பாருங்கள், பயம் எவ்வளவு நன்றாக வாதாடுகிறது.

பதினொரு மணி. தினமும் அந்த நேரத்துக்கு மருந்து அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பம்பு வைத்துப் பால் எடுத்துக் குளிர்பெட்டியில் வைப்பேன், மாலையில் பாப்பாவுக்காக. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். இது உடலியல் வகுப்பு, தாய்ப்பாலும் பாடம்தான். அன்று பம்பு ஓடுகிறது, ஓடுகிறது, ஒரு சொட்டு வரவில்லை. மார்பு கல்லாய்க் கனக்கிறது, பால் இருக்கிறது, இறங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே மருந்து நிறுவனம் கொடுத்த நாட்காட்டி. அதில் ஒரு மாட்டின் படம்.

அந்த மாடு எனக்குப் பாடம் எடுத்தது. கறக்கும் நேரத்தில் பக்கத்தில் பட்டாசு வெடித்தால் மாடு என்ன செய்யும்? 'பாலை இறக்காது' என்கிறீர்கள். ஏன்? பயந்த உடம்பு அட்ரினலினை ஊற்றும். அது ரத்தத்தைக் காலுக்கு அனுப்பும், ஓடு என்று சொல்லும். பாலை இறக்கும் சுரப்பு நீரை வேலை செய்ய விடாது. அதே பயம் வேறு எதை நிறுத்தும்? குடலை. முயலுக்குப் பயமும் வலியும் வந்தால் குடல் நிற்கும். மாட்டுக்கு மடி நிற்கும். எனக்கு? எனக்கு மார்பும் நின்றது, வாயும் நின்றது.

ஒரே நரம்பு, ஒரே நீர், ஒரே பூட்டு. அங்கே கூடையில் ஓர் உயிர் பூட்டிக் கிடக்கிறது, இங்கே நாற்காலியில் ஓர் உயிர் பூட்டிக் கிடக்கிறது. இதில் எந்தப் பூட்டின் சாவி என் கையில் இருக்கிறது?

பம்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அக்கா வாசற்படியில் நின்றிருந்தார்கள்.

"மயக்க மருந்து ரெடியாம்மா?"

"ரெடி சார். ஆனா வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"திறக்க வேண்டாம் சார். அடைப்பா இருக்காதுன்னு நெனைக்கிறேன். பட்டினி சார். நேத்து மூணு மணிக்கு நான்தான் போன்ல எதுவும் குடுக்காதீங்கன்னு சொன்னேன்."

"முயலுக்கா?"

"முயலுக்குத்தான்."

குழாயை மூடினார். "இது உனக்கு எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"பத்து மணிக்கு."

கடிகாரம் பதினொன்று பத்து. டாக்டர் என்னைத் திட்டினார் என்று சொல்லலாமா, சார்? சொல்லலாம் என்று தலையாட்டுகிறார். திட்டினார். நன்றாகத் திட்டினார். ஆனால் திட்டும்போதே அவர் கை குளுக்கோஸ் புட்டியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கிக்கொண்டிருந்தது. "அடைப்போன்னு பயந்து குடலை ஓட்டுற மருந்தைக் குடுக்காமயே வெச்சிருக்கேன். ஒரு மணி நேரம் வீணாப் போச்சு. அடைப்பு இல்லேன்னு எனக்கு எப்படித் தெரியும்? வயித்துக்குள்ள எனக்கு என்ன ஜன்னலா இருக்கு? சொன்னாத்தானே தெரியும்?" என்றார்.

சொன்னால்தானே தெரியும். அவரிடம் வேலை பார்க்கும் இந்த நான்கு ஆண்டுகளில் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும்விட, திட்டிய அந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிய பாடம்.

அக்கா திட்டவில்லை. அது இன்னும் கொடுமை. என்னைப் பார்த்தார்கள். "நாலு வருஷமா நான் ஊட்டுனேன். நீ ஒரு போன்ல நிறுத்திட்டே" என்றார்கள். அதோடு என்னோடு பேசவே இல்லை. அக்கா, நான் ஏற்றிச் சொல்கிறேனா? இல்லை என்று கை காட்டுகிறார்கள். உள்ளதுதான்.

"அஞ்சு மணி வரைக்கும் பாக்கலாம்" என்றார் டாக்டர். "புழுக்கை விழுந்தா பிழைச்சான். விழலேன்னா திறந்துதான் ஆகணும்."

தோலுக்கடியில் வெதுவெதுப்பான குளுக்கோஸ் நீர் ஏற்றினோம். வலிக்கு மருந்து, குடல் ஓட்டத்துக்கு மருந்து, பக்கத்தில் வெந்நீர்ப் பை. காய்ந்த புல்லைப் பொடித்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் ஓரமாகத் துளித்துளியாகக் கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்க மேனேஜர் மறுத்தது. அக்கா சிரிஞ்சை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அவர்கள் கொடுத்தார்கள், அது விழுங்கியது. கால்மணிக்கு ஒரு முறை நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு அமைதி. ஒன்றரைக்கு அமைதி. மூன்று மணிக்கு மறுநாள் பட்டியலோடு போன் மேசைக்குப் போனேன். ஒவ்வொரு பெயரையும் படித்து, அது என்ன உயிர், அதன் வயிறு எப்படிப்பட்டது என்று யோசித்து, அதற்கப்புறம்தான் எண்ணை அழுத்தினேன். ஆறு போனுக்கு அரை மணி நேரம் ஆனது. பதிவு அண்ணன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நான்கு மணிக்கு என் வேலைநேரம் முடிந்தது. வீட்டிலிருந்து என் கணவர் போன் செய்தார். "பாப்பா இன்னிக்கு மூணு தடவ போயிட்டா, கவலைப்படாதே" என்றார். அன்றாடம் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான் என்பதால், கேட்குமுன்பே சொல்லிவிட்டார். நான் அழுதேன். அவர் பதறிவிட்டார். "மூணு நல்லதுதானே?" என்று கேட்கிறார். நல்லதுதான் என்றேன். இங்கே ஒன்று போதும், ஒன்றே ஒன்று போதும் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கணக்கு வாத்தியார்.

நான்கு இருபது. ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறேன். எங்கோ தொலைவில், பக்கத்து வீட்டில் யாரோ குடத்தைச் சாய்த்தது போல ஒரு 'களுக்'. என் மூச்சாக இருக்குமோ என்று மூச்சை அடக்கினேன். மறுபடியும் 'களுக்'. "அக்கா" என்று கூப்பிட்டேன். என்னோடு பேசாதவர்கள் நிமிர்ந்தார்கள். காதுக்குழல்களைக் கழற்றி அவர்கள் காதில் மாட்டினேன். கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நான்கு ஐம்பது. மேனேஜர் எழுந்தது. இரண்டு தப்படி நடந்தது. பின்னங்காலை நீட்டியது. பெரியோர்களே, தாய்மார்களே, உலகத்தில் மன்னர்கள் முத்துக் கொட்டியிருப்பார்கள், மாலுமிகள் பவளம் கொட்டியிருப்பார்கள். அன்று பழைய திரைச்சீலைத் துணியின் மேல் மேனேஜர் கொட்டியதற்கு எந்தக் கொட்டலும் ஈடாகாது. ஒரே ஒரு புழுக்கை. மிளகைவிடச் சற்றே பெரிது, வடிவம்கூடச் சரியில்லை, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு இந்த மண்டபத்துக்கு இன்னும் வரவில்லை. டாக்டர் அதைக் கையுறை போட்ட விரலில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிவு அண்ணன் ஓடிவந்து எட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார். அக்கா, "இதுக்குப் போய் இப்படிச் சந்தோஷப்படுற ஆளுங்கள நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஐந்து மணிக்குள் இன்னும் நான்கு விழுந்தன. அறுவை மேசைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பெரிய விளக்கை டாக்டரே அணைத்தார்.

அந்த விளக்கு அணைந்ததும் என் உடம்பில் என்ன நடந்தது தெரியுமா? பால் இறங்கிவிட்டது. சீருடை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. என்னைக் கேட்காமல், என் அனுமதி இல்லாமல். கூச்சத்தில் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் போட்டார்கள். "போ, பிள்ளை காத்திட்டிருக்கும்" என்றார்கள். நாள் முழுக்க என்னிடம் பேசாதவர்கள் பேசிய முதல் பேச்சு. பயம் பூட்டியதை நிம்மதி திறந்துவிட்டது. இதற்கு மேல் உடலியலுக்கு நான் என்ன விளக்கம் சொல்ல?

வேலை போனதா? போகவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து மேனேஜரின் பல்லுக்கு மறுபடி நாள் குறித்தபோது, இந்த முறை வேறு யாராவது போன் செய்யட்டும் என்று நானே டாக்டரிடம் சொன்னேன். அக்கா அதைக் கேட்டுவிட்டார்கள். "வேற யாரும் வேணாம். அவளே பண்ணட்டும். இனிமே அவ மட்டும்தான் தப்பாவே சொல்ல மாட்டா" என்றார்கள். கேலியா, நம்பிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

செல்வங்களே, நாளை முதல் எலும்பை எண்ணப் போகிறீர்கள், தசையைத் தேடப் போகிறீர்கள், நாடித்துடிப்பை விரலால் பிடிக்கப் போகிறீர்கள். படியுங்கள், நன்றாகப் படியுங்கள். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். நம்மிடம் வரும் உயிர் எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. என்ன தின்றேன் என்று சொல்லாது. யார் பட்டினி போட்டார்கள் என்று காட்டிக்கொடுக்காது. அதன் கதை பாதி அதன் உடம்பில் இருக்கிறது. மீதிப் பாதி நம் வாயில் இருக்கிறது. நாம் வாயை மூடினால் அதன் உடம்பைத் திறக்க வேண்டியிருக்கும். மறைத்த உண்மை மருத்துவத்தில் மறைந்து போவதில்லை, அறுவைக் கத்தியாகத் திரும்பி வரும். கௌரவம் பெரிதா, குடல் பெரிதா? பேர் பெரிதா, பிராணன் பெரிதா? எழுபது நிமிடம் கூனிக் குறுகி நின்றாலும் எழுபத்தோராவது நிமிடத்தில் நிமிரலாம். தாமதமானாலும் சொல்லலாம், தடுமாறினாலும் சொல்லலாம், தலைகுனிந்தாலும் சொல்லலாம். சொல்லிவிடுங்கள்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் மருத்துவமனையில் ஒரு புது வழக்கம் வந்தது. கத்தியைக் கையில் எடுக்கும் முன் டாக்டர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். "யாராவது எதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். முதல் இரண்டு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. என்னைத்தான் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு காவல் நாய், முன்னங்காலில் கட்டி. மேசையில் படுக்க வைத்தாயிற்று, ஊசிக்குள் மயக்க மருந்தை எடுத்தாயிற்று. வழக்கம்போல டாக்டர் கேட்டார், "யாராவது எதாவது சொல்லணுமா?"

பிறகு அவரே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் சொல்லணும். நேத்து எடை போட்டது நான்தான். கழுத்துச் சங்கிலியைக் கழட்ட மறந்துட்டேன். ரெண்டு கிலோ இருக்கும். மருந்தைக் குறைச்சுக்கங்க" என்றார்.

நான் ஊசியை வாங்கி, அளவைக் குறைத்து, அவர் கையில் கொடுத்தேன். அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டோம்.

பேச வாய்ப்பளித்த தலைமைக்கும், நான் சொல்லச் சம்மதித்த டாக்டருக்கும் அக்காவுக்கும், பொறுமையோடும் சிரிப்போடும் செவிமடுத்த பெரியோர்க்கும் தாய்மார்க்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாளை முதன்முதலாக ஓர் உயிரின் வயிற்றில் காது வைக்கப்போகும் உங்கள் ஒவ்வொருவருக்கும், உள்ளேயிருந்து நல்ல சத்தமே கேட்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.